நெஞ்செரிச்சல் மாத்திரையும் பிள்ளையின் மூச்சும்

"தம்பி, இவன் வயித்துல இருந்தப்ப நான் முழுங்குன அந்தக் கேஸ்ட்ரிக் மாத்திரையாலதான் இப்படி ஆயிடுச்சா?"

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். நாட்டின் பல பகுதிகளைப் புகைமூட்டம் சூழ்ந்திருந்தது. பல இடங்களில் பள்ளிகளையே மூடிவிட்டார்கள். கிள்ளான் வட்டாரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், மூன்று வயது மகனின் முகத்தில் நெபுலைசர் முகமூடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த என் அக்கா, என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி அது. மணி அப்போது விடியற்காலை இரண்டு. குழந்தை நலமா, மருத்துவர் என்ன சொன்னார் என்றெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே அவர் தம்மீதே குற்றம் சுமத்திக்கொண்டுவிட்டார். அவர் கைப்பேசியில் வாட்ஸ்அப் வழி வந்த ஒரு செய்தி நறுக்கு இருந்தது. கருவுற்றிருக்கும்போது நெஞ்செரிச்சல் மருந்து உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு அதிகம் என்றது அந்தச் செய்தி.

அப்பொழுது நான் மருந்தியல் மாணவன். "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை அக்கா" என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் எனக்கு விடை தெரியாது. படிப்பை முடித்து மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இதே கேள்வியை வேறு பல பெண்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நம் மாணவியரில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் தாயாகப் போகிறவர்கள். முன்னாள் மாணவியரில் பலர் ஏற்கெனவே தாய்மார். ஆகவே, அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நெஞ்செரிச்சலைப் பற்றிச் சில வரிகள். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, பின் மூடிக்கொள்வது அதன் வேலை. கருவுற்ற பெண்ணின் உடலில் புரோஜெஸ்டெரோன் என்னும் இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. கருப்பையின் தசைகளைத் தளர்த்தி வைப்பதற்காகச் சுரக்கும் அது இந்த வளையத் தசையையும் சேர்த்துத் தளர்த்திவிடுகிறது. போதாததற்கு, வளர்ந்துவரும் கருப்பை இரைப்பையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுகிறது. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், கருவுற்ற பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரோ அதற்கும் மேலோ இந்தத் தொல்லைக்கு ஆளாகிறார்கள். "சும்மா கேஸ்ட்ரிக்தானே" என்று ஆண்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எட்டாவது மாதத்தில் படுத்தால் தொண்டைவரை எரியும், உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். இரவு முழுவதும் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்த அக்காவை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பாட்டிக்கு இதற்கு வேறொரு விளக்கம் உண்டு. "வயித்துல புள்ளைக்கு முடி முளைக்குதுடி, அதான் எரியுது" என்பார். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். படித்தவர்கள் நாம் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வில் கலந்துகொண்ட பெண்கள் 64 பேர். நடுத்தரமான அல்லது கடுமையான நெஞ்செரிச்சல் இருந்த 28 பேரில் 23 பேருக்குச் சராசரி அளவிலோ அதைவிட அடர்த்தியாகவோ முடியுள்ள குழந்தை பிறந்தது. நெஞ்செரிச்சலே இல்லாத 12 பேரில் 10 பேருக்கு முடி குறைந்த குழந்தை. பாட்டி சொன்னது பலித்துவிட்டது!

ஆனால் முடி குத்துவதால் நெஞ்சு எரியவில்லை. கர்ப்பகால இயக்குநீர்களே ஒருபுறம் தாயின் வளையத் தசையைத் தளர்த்துகின்றன, மறுபுறம் சிசுவின் முடி வளர்ச்சியையும் தூண்டுகின்றன என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். எரிச்சலும் முடியும் ஒன்றையொன்று உண்டாக்கவில்லை; இரண்டுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒன்று நிற்கிறது. இரண்டும் சேர்ந்து வருவதைப் பாட்டி சரியாகவே கவனித்தார். காரணத்தைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். மருந்து குடித்து எரிச்சலை அடக்கினால் பிள்ளைக்கு முடி கொட்டிவிடாது, இல்லையா? இந்த எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மாத்திரை விஷயத்துக்கு வருவோம்.

நெஞ்செரிச்சல் மருந்துகள் பெரும்பாலும் மூன்று வகை. முதல் வகை, ஏற்கெனவே சுரந்த அமிலத்தை முறிப்பவை, அல்லது அதன்மேல் ஆடைபோல் படிந்து மேலேற விடாமல் தடுப்பவை. சுண்ணாம்புச் சத்துள்ள சப்பும் மாத்திரைகளும் கவிஸ்கான் போன்ற திரவங்களும் இதில் அடங்கும். இரண்டாம் வகை, அமிலம் சுரப்பதைக் குறைப்பவை: ஃபமோடிடின், முன்பு ரானிடிடின். மூன்றாம் வகை, அமிலச் சுரப்பைக் கிட்டத்தட்ட மூடியே விடுபவை: ஓமெப்ரசோலும் அதன் உறவுகளும். ஆய்வுகள் சந்தேகக் கண்ணோடு பார்த்தது பின்னிரண்டு வகைகளைத்தான்.

சந்தேகத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை. நாம் உண்ணும் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைப்பதில் இரைப்பை அமிலத்துக்குப் பெரும் பங்குண்டு. அமிலத்தைக் குறைத்தால் புரதம் சரியாக உடையாமல் குடலுக்குச் செல்லும். உடலின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியனாகக் கருதி ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். வியன்னாவில் சினை எலிகளுக்கு இம்மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது, தாய் எலிகளுக்கு உணவு ஒவ்வாமை ஏற்பட்டது. குட்டிகளின் எதிர்ப்பாற்றலும் ஒவ்வாமைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மனிதக் குழந்தைகளிடமும் இப்படி நடக்குமா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

சுவீடன் நாட்டில் ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவும் பிறப்பு முதல் பாதுகாக்கப்படுகிறது. அங்கு 585,716 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கர்ப்பகாலத்தில் அமிலக் கட்டுப்பாட்டு மருந்து உட்கொண்ட தாய்மார் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2017-இல் எடின்பரோ, தாம்பெரே பல்கலைக்கழகத்தினர் எட்டு ஆய்வுகளைத் தொகுத்து, 13 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் தரவுகளிலிருந்து, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்றனர். அக்காவின் கைப்பேசியில் இருந்தது இந்தச் செய்திதான். 2018-இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு 45 விழுக்காடு என்றது.

இத்தனை நாடுகள், இத்தனை ஆய்வுகள், எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. அப்படியானால் அக்காவின் குற்ற உணர்வு சரிதானா?

2012-இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். என் கருத்தில் இந்த விவகாரத்தின் முடிச்சு அவிழும் இடம் அதுதான். வட டென்மார்க்கில் 1996 முதல் 2008 வரை பிறந்த 197,060 பிள்ளைகளை ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கண்காணித்தார்கள். மொத்தத்தில் நூற்றுக்கு 12 பேருக்கு ஆஸ்துமா வந்தது. ஓமெப்ரசோல் வகை மருந்தைக் கர்ப்பத்தில் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு 41 விழுக்காடு கூடுதல் வாய்ப்பு. ரானிடிடின் வகைக்கு 47 விழுக்காடு.

"41 விழுக்காடு கூடுதல்" என்று படிக்கும்போது, நூறு பிள்ளைகளில் 41 பேருக்கு நோய் வந்துவிடும் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. அது தவறு. நூற்றுக்கு 12 என்பது நூற்றுக்கு ஏறக்குறைய 17 ஆகிறது, அவ்வளவுதான். மருந்து உட்கொண்ட நூறு தாய்மாரில் 83 பேரின் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரவில்லை. வந்த 17 பிள்ளைகளிலும் 12 பேருக்கு மருந்தே இல்லாவிட்டாலும் வந்திருக்கும். எஞ்சிய ஐந்து பேரைப் பற்றியதுதான் வழக்கு.

அந்த ஐந்து பேருக்கும் மருந்துதான் காரணமா? டென்மார்க் ஆய்வாளர்கள் இன்னொரு கணக்கும் போட்டார்கள். கர்ப்பகாலத்தில் மாத்திரையைத் தொடவே தொடாமல், பிரசவத்துக்குப் பின் வந்த ஓராண்டில் மட்டும் ஓமெப்ரசோல் வகையை உட்கொண்ட தாய்மாரைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஆஸ்துமா 32 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது! கருவில் இருந்தபோது அந்தப் பிள்ளைகளின்மீது மருந்தின் நிழல்கூடப் படவில்லை. பிறந்த பின் தாய் விழுங்கிய மாத்திரை, பின்னோக்கிப் போய்க் கருவைத் தாக்க முடியுமா? தாய்ப்பால் வழியாகச் சிறிது போயிருக்கலாம் என்று வாதிடலாம். அப்படிப் போகும் அளவு மிகச் சொற்பம். அதைவிடப் பொருத்தமான விளக்கம், மாத்திரை தேவைப்படும் பெண்களிடம் பொதுவாக இருக்கும் வேறேதோ ஒன்றே பிள்ளைகளின் மூச்சையும் பாதிக்கிறது என்பதுதான். பாட்டியின் முடிக் கதையில் வந்த அந்த மூன்றாவது ஆள் இங்கேயும் நிற்கிறார்.

யார் அவர்? ஒருவரல்லர், பலர். உடல் பருமன் நெஞ்செரிச்சலைக் கூட்டும். தாயின் உடல் பருமன் பிள்ளையின் ஆஸ்துமாவோடும் தொடர்புடையது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நெஞ்செரிச்சல் அடிக்கடி வரும். தாயின் ஆஸ்துமா பரம்பரையாகப் பிள்ளைக்கும் வரக்கூடும். புகைபிடித்தல் இரண்டையும் கூட்டும். இவை போக, சிறு தொல்லைக்கும் மருத்துவரை நாடும் குடும்பம் பிள்ளை லேசாக இழுத்தாலும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். நோய் பதிவேட்டில் ஏறும். ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பதிவேட்டில் இல்லாததைக் கழிக்க இயலாது. நெஞ்செரிச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது, வீட்டில் யார் சிகரெட் பிடித்தார், இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பவற்றை எந்த அரசாங்கப் பதிவேடு எழுதி வைத்திருக்கிறது?

இப்பொழுது எங்கள் வீட்டைப் பாருங்கள். அக்காவுக்குச் சிறுவயதில் இழுப்பு இருந்தது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஓடாமல் பந்தலில் உட்கார்ந்திருந்தவர் அவர். அப்பாவுக்கும் இழுப்பு. அத்தானோ நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட். அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நின்று பிடிப்பார். கதவு திறந்தே இருக்கும். அதன்மேல் 2019-இன் புகைமூட்டம். இத்தனை பேர் வரிசையில் நிற்க, அக்கா பிடித்து வைத்தது அந்த ஒரு மாத்திரையை. ஏன்? மற்றவை எல்லாம் வீட்டில் நடப்பவை. மாத்திரை மட்டும்தான் அவர் தம் கையால் எடுத்து வாயில் போட்டது.

இதே போன்ற நிலைமை பனடோலுக்கும் வந்தது. கர்ப்பத்தில் பனடோல் உட்கொண்டால் பிள்ளைக்கு மதியிறுக்கம் வரும் என்ற அச்சத்தைச் சோதிக்க, சுவீடனில் ஏறக்குறைய 25 லட்சம் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். முடிவு 2024-இல் வெளிவந்தது. பொதுவாக ஒப்பிட்டபோது சிறிய தொடர்பு தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகளுக்குள் ஒப்பிட்டபோது, அதாவது ஒரு பிள்ளையின்போது மருந்து எடுத்து மற்றொன்றின்போது எடுக்காத தாய்மாரிடம் பார்த்தபோது, அந்தத் தொடர்பு காணாமல் போனது. ஒரே வீடு, ஒரே பரம்பரை. மூன்றாவது ஆட்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் கழிந்துபோகிறார்கள்.

இதனால் மருந்து முழுக்க நிரபராதி என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. 41-க்கும் 32-க்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. ரானிடிடின் வகையில் பிரசவத்துக்குப் பின் மட்டும் உட்கொண்டோரிடையே தெரிந்த கூடுதல் 13 விழுக்காடுதான். அதுவும் உறுதியற்ற எண். ஆக, மருந்துக்கும் சிறிய பங்கு இருக்கலாம். கருவுற்ற பெண்களைக் குலுக்கல் முறையில் இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் மறு கூட்டத்துக்கு எரிச்சலும் கொடுத்துச் சோதிப்பது அறமாகாது என்பதால் முழு நிச்சயம் எளிதில் கிட்டாது. 2017 தொகுப்பை வெளியிட்டவர்களே, தாய்மாருக்கான மருத்துவ ஆலோசனையை மாற்றத் தேவையில்லை என்றுதான் சொன்னார்கள். அந்த வரி வாட்ஸ்அப் நறுக்கில் இல்லை. பிறவிக் குறை பற்றிய பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. டென்மார்க்கில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் ஓமெப்ரசோல் வகையை உட்கொண்டோரின் குழந்தைகளுக்குப் பெரும் பிறவிக் குறைகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடியதாகத் தெரியவில்லை.

ரானிடிடினைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. அக்காவின் மகன் மருத்துவமனையில் இருந்த அதே செப்டம்பரில்தான் சிங்கப்பூரில் எட்டு ரானிடிடின் மருந்துகளை மீட்டுக்கொண்டார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவும் சந்தையிலிருந்து அகற்றச் சொன்னது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ என்னும் மாசு அதில் காணப்பட்டதே காரணம். ஆஸ்துமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு செய்திகளும் அடுத்தடுத்து வந்ததால் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள்; அக்காவும்தான்.

அந்தக் குழப்பத்தின் விலையை அவர் 2021-இல் இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது கொடுத்தார். "எந்த மாத்திரையும் வேண்டாம்" என்று கிளினிக்கில் கொடுத்ததையெல்லாம் அலமாரியில் வைத்துவிட்டார். சாப்பிட்டால் எரிகிறது என்று சாப்பாட்டைக் குறைத்தார், எடை ஏறவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஒவ்வோர் இரவும் ஈனோவைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கத் தொடங்கினார். "அது மாத்திரை இல்லையே, உப்புதானே" என்பது அவர் வாதம். உப்புதான் சிக்கலே! அதில் இருப்பது சோடியம் பைகார்பனேட். அது உடலில் நீரைத் தேக்கும், இரத்தத்தின் அமில காரச் சமநிலையையும் மாற்றும்; கர்ப்பகாலத்தில் தவிர்க்கச் சொல்லும் பொருள் அது. கால் வீங்கியதைப் பார்த்துத் துருவித் துருவிக் கேட்டு இதைக் கண்டுபிடித்தவர் கிளினிக்கில் இருந்த மிஸ்ஸி ஒருவர். பாதுகாப்பான மருந்துக்குப் பயந்து, பாதுகாப்புக் குறைந்ததைப் பிடித்துக்கொண்டிருந்தார் அக்கா.

முறை என்னவென்றால், கீழ்ப்படியிலிருந்து தொடங்குவது. இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் முடித்துவிட்டு நேரே படுக்கைக்குப் போனால் எந்த மருந்தும் முழுதாக உதவாது. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே, சிறுசிறு அளவாகச் சாப்பிடுவது, கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவது, இடப்பக்கமாகச் சரிந்து படுப்பது ஆகியவை பலருக்குப் பயன் தருகின்றன. போதவில்லையென்றால் கவிஸ்கான் அல்லது சுண்ணாம்புச் சத்துள்ள மாத்திரை. இவை பெரும்பாலும் இரத்தத்தில் கலந்து கருவைச் சென்றடையும் வகையல்ல. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடவேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர் ஃபமோடிடினோ ஓமெப்ரசோலோ எழுதித் தருவார். தேவைப்படும் காலத்துக்கு மட்டும், தேவையான குறைந்த அளவில். வீட்டில் மற்றவருடைய வயிற்றுப்புண் மாத்திரையை இரவல் வாங்கி மட்டும் விழுங்கிவிடாதீர்கள். வயிற்றுப்புண்ணுக்குத் தரப்படும் மிசோப்ரொஸ்டோல் கருப்பையைச் சுருங்கச் செய்து கருவைக் கலைக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு நெஞ்சுக்குக் கீழே, குறிப்பாக வலப்பக்க விலா எலும்பின் அடியில் வலி ஏற்பட்டு, கூடவே கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை இருந்தால் அது நெஞ்செரிச்சலாக இல்லாமல் கர்ப்பகால இரத்த அழுத்த நோயாக இருக்கலாம். அன்றிரவே மருத்துவமனைக்குப் போகவேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கவிஸ்கானைக் குடித்துவிட்டுப் படுக்கக்கூடாது. இரத்த வாந்தி, கறுத்த மலம், விழுங்க முடியாமை ஆகியவையும் அப்படித்தான்.

அக்கா இரண்டாவது பிரசவத்தின் கடைசி இரண்டு மாதங்கள் மருத்துவர் தந்த ஓமெப்ரசோலை உட்கொண்டார். தூங்கினார், சாப்பிட்டார், எடையும் ஏறியது. பெண் குழந்தை. இதுவரை அவளுக்கு இழுப்பு வரவில்லை. ஒரு பிள்ளையை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்பதை இவ்வளவு எழுதிய பிறகு நான் மறந்துவிடக்கூடாது.

மூத்தவன் இப்போது ஆரம்பப்பள்ளியில் படிக்கிறான். தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காக இழுப்பதால் அவசரப் பிரிவுப் பக்கம் போய் ஆண்டுகள் ஆகின்றன. அவனைச் சோதித்த குழந்தைநல மருத்துவர் முதல் நாளில் கேட்ட கேள்விகளில் மாத்திரை பற்றி எதுவும் இல்லை. "வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள்?" என்றுதான் கேட்டார். அக்கா ஒன்றும் சொல்லாமல் அத்தானைத் திரும்பிப் பார்த்தார். அத்தான் இப்போது பால்கனியில் பிடிப்பதில்லை. கீழே இறங்கிப் போய்ப் பிடித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு பிள்ளைகளிடம் வருகிறார். கிளினிக்கில் நடக்கும் புகைபிடிப்பதை நிறுத்தும் சிகிச்சைக்கு இரண்டு முறை போயிருக்கிறார். மூன்றாவது முறைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.